சிஸ்டர் செருப்பு

1957: 31
1958 ஜூன் 9, திங்கட்கிழமை: வருகை
1958: 34
1959: 36
1959 அக்டோபர் 31, சனிக்கிழமை: ஒன்பது ஜோடி
1960: 22
1965: 14
1972: 9
1980: 4
1984: 2
1989: 1
1992: 1
1993:

ஆண்டுகளுக்கு எதிரே உள்ள எண்கள் கால்கள். உப்புக் கிடங்கு மருந்தகத்தில் கட்டுப் போட்டும் ஆறாமல், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்கே முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்ட கால்கள். கடைசி ஆண்டுக்கு எதிரே இடம் காலியாக இருப்பது எழுத மறந்ததால் அல்ல. அந்த எண் வந்து சேர முப்பத்தைந்து வருடமும் ஏழு மாதமும் பிடித்தன.

1958 ஜூன் ஒன்பதாம் தேதி ஒரு தகரப் பெட்டியுடன் வந்து இறங்கியவர் ஒரு கன்னியாஸ்திரி. வயது இருபத்தாறு. தையல்காரர் மகள். மடத்துப் பதிவேட்டில் அவருக்கு நான்கு சொல் நீளத்துக்கு ஒரு புனிதப் பெயர் இருந்தது. அதைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. முதல் வருடம் புது சிஸ்டர், அடுத்த வருடத்திலிருந்து செருப்பு சிஸ்டர். செருப்பு என்ற சொல் நம் வாயில் என்ன பாடு படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரையாவது திட்ட வேண்டுமென்றால் முதலில் அதுதான் வருகிறது. ஜெபமாலையும் கையுமாக இருக்க வேண்டியவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது ஒரு கதை. பிறகு அதே பெயர் தலைகீழாகத் திரும்பி நின்றது இன்னொரு கதை. இரண்டும் உண்மையில் ஒன்றுதான்.

மருந்தகம் இருந்தது சந்தைக்குப் பின்னால், ஒரு பழைய உப்புக் கிடங்கில். நீளம் எழுபத்திரண்டு அடி, அகலம் பதினெட்டு. உப்பு மூட்டைகள் போய் இருபது வருடம் ஆகியும் சுவர் வியர்ப்பது நிற்கவில்லை. உள்ளே வைத்த இரும்பெல்லாம் ஒரே மாதத்தில் துருவேறிவிடும். கத்தரிக்கோலைக்கூட எண்ணெய்த் துணியில் சுற்றித்தான் வைப்பார்கள். ஒரு பக்கம் பெஞ்சுகள். எதிர்ப்பக்கம் கால் கழுவ ஆறு தொட்டிகள். காலை ஏழு மணிக்கே தொழுநோய்க்காரர்கள் வந்து வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். கூலி வேலைக்கும் வியாபாரத்துக்கும் போக வேண்டியவர்கள், அதனால் சீக்கிரம் கட்டுத் துணியை மாற்றிக்கொண்டு கிளம்பப் பார்ப்பார்கள்.

இந்த நோய் காலை நேராகத் தின்பதில்லை, காலின் உணர்ச்சியைத் தின்கிறது. கல் குத்தினாலும் தெரியாது, நெருப்புப் பட்டாலும் தெரியாது. தெரியாததால் அதே காலை ஊன்றி நடப்பார்கள். நடக்க நடக்கப் புண் எலும்புவரை போகும். பிறகு காலை எடுப்பதைத் தவிர வழியில்லை.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் நான்கு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளை வண்டியில் வருவார். மோசமான கால்களைத் தேர்ந்து அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். நல்ல கைக்காரர், முசுடு. புது சிஸ்டர் வந்த மறுநாளே அவருடைய செவ்வாய்க்கிழமையாக இருந்தது. அன்று மூன்று பேர் வண்டியில் ஏறினார்கள். அதில் ஒருத்தி ஏறும்போது, தான் திரும்பி வரும்வரை தன் செருப்பைப் பத்திரமாக வைக்கச் சொல்லி சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டு செருப்பு.

சிஸ்டர் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"போன வருஷம் எத்தனை கால் எடுத்தீங்க டாக்டர்? இங்கேருந்து வந்ததுல மட்டும்."

"முப்பத்தொண்ணு. ஏன்?"

"அது பூஜ்யமாகணும்னா என்ன செய்யணும்?"

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு."

"அப்ப சரி. இருபத்தாறுல நானும் இப்படித்தான் பேசிட்டு இருந்தேன்."

"வருஷா வருஷம் கேப்பேன் டாக்டர்."

"கேளுங்க. நம்பர் சொல்றதுல எனக்கென்ன குறைஞ்சுபோகுது."

இப்படித்தான் அந்தக் கணக்கு தொடங்கியது. சிஸ்டர் ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் 31 என்று எழுதினார். மற்ற கன்னியர்கள் மோட்சத்துக்காக ஜெபித்தார்கள். அவரும் ஜெபித்தார்தான், ஆனால் அவருடைய மனசு முழுக்க அந்த எண் பூஜ்யத்துக்கு இறங்குவதில் இருந்தது.

அந்த ஆண்டு அது இறங்கவில்லை, ஏறியது. முப்பத்துநாலாவது கால் ஒரு காவல்காரருடையது. டிசம்பரில் அவர் வந்து, செருப்பு கழற்ற வரவில்லை, காலோடு ஒட்டிக்கொண்டது என்றார். ஒட்டியது பசையில்லை. அடிப்பாகத்தில் அடித்திருந்த ஆணி ஒன்று மேலே ஏறி மூன்று நாளாக அவர் பாதத்துக்குள் இருந்தது. மூன்று நாளும் அதோடுதான் அவர் ஒரு கிடங்கைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்.

சிஸ்டர் அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு சந்தை முனைக்குப் போனார். அங்கே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த செருப்புத் தைப்பவரை ஊரே அண்ணன் என்றுதான் கூப்பிடும்.

"இது உங்க ஆணியா அண்ணே?"

அண்ணன் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். "நான் அடிச்ச ஆணி எனக்குத் தெரியாதா? என்னோடதுதான். ஏன், உறுதியா இல்லையா?"

"உறுதியாத்தான் இருக்கு. மூணு நாள் ஒரு மனுஷன் கால்ல இருந்துச்சு."

"மூணு நாளா? கத்தலையா அந்த ஆளு?"

"அவருக்குத் தெரியாது அண்ணே. கால்ல உணர்ச்சியே கிடையாது. நாளைக்குக் காலை எடுக்கிறாங்க."

அண்ணன் சாக்கைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். பகலில் அவர் சாக்கைச் சுருட்டுவது சந்தையில் யாரும் பார்த்திராத காட்சி. மறுநாள் காலை ஏழு மணிக்குத் தன் உளிப் பெட்டியோடு கிடங்கு வாசலில் வந்து நின்றார். மூலையில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். பன்னிரண்டடிக்குப் பத்தடி. சிஸ்டர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: ஆணி கூடாது. தையலும் பசையும் மட்டும்.

"ஆணி இல்லாமச் செருப்பா?" என்று அண்ணன் சுவரைக் காட்டினார். அங்கே சிலுவை தொங்கியது. "உங்க சாமி கால்லயே ஆணி இருக்கே சிஸ்டர்."

"அதனாலதான் சொல்றேன். இன்னொரு கால்ல வேண்டாம்."

அண்ணன் ஆணி டப்பாவை மூடி வீட்டுக்கு எடுத்துப் போனார். மருந்தகத்துக்கு அது திரும்ப வரவில்லை.

ஆணி இல்லாமல் தைக்கலாம். ஆனால் காலுக்கும் தரைக்கும் நடுவில் மெத்தென்று ஏதாவது வேண்டும். தோல் இறுகிவிடும், துணி கசங்கிவிடும், பஞ்சு நனைந்துவிடும். 1959 ஜூன் மாதம் மடத்துக் கோயிலில் மண்டி போட்டிருந்தபோது சிஸ்டருக்கு ஒன்று உறைத்தது. அரை மணி நேரமாக முழங்காலில் நிற்கிறார், வலிக்கவில்லை. மண்டி போடும் பலகையில் துணிக்கு அடியில் ஒரு விரல் கனத்துக்குப் பஞ்சு போன்ற ரப்பர் வைத்துத் தைத்திருந்தார்கள். பக்திக்கு மெத்தை இருக்கும்போது பாதத்துக்கு ஏன் இருக்கக்கூடாது?

மறுநாள் மத்தியானம் எல்லோரும் வேலையில் இருந்த நேரத்தில் கடைசி மூன்று பெஞ்சுகளின் பலகையை அவிழ்த்து ரப்பரை எடுத்தார். அண்ணன் அளந்து பார்த்துவிட்டு, பத்து ஜோடிக்குப் போதாது என்றார். சிஸ்டர் திரும்பிப் போய் இன்னும் ஒரு பலகையை அவிழ்த்தார். அவசரத்தில் அது மதருடையது என்று கவனிக்கவில்லை.

மதர் என்பவர் மடத்துத் தலைவி. கனத்த உடம்பு, கனத்த குரல், முழங்காலில் வாதம். மாலை ஜெபத்துக்கு மணி அடித்ததும் வந்து, நாற்பது வருட வழக்கப்படி உடம்பை அப்படியே பலகைமேல் இறக்கினார். கட்டையில் எலும்பு மோதிய சத்தம் பின் பெஞ்சுவரை கேட்டது. ஜெபம் முடியும்வரை அவர் வாய் திறக்கவில்லை. முடிந்ததும் திறந்தார்.

"யாரு எடுத்தது?"

"நான்தான் மதர்."

"எங்க அது?"

"நம்ம நோயாளி, சைக்கிள் கடைக்காரர் கால்ல இருக்கு மதர்."

"என் முழங்கால் வலி உயிர் போகுது."

"உங்களுக்கு வலிக்குது மதர். அவருக்கு வலிக்காது. அதுதான் பிரச்சினை."

மற்ற ஏழு கன்னியரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதர் இரண்டு கையையும் ஊன்றி எழுந்து நின்றார்.

"வாய் மட்டும் நல்லா வளர்ந்திருக்கு. போ, மிச்சப் பெஞ்சுலயும் எடுத்துக்க. நான் மட்டும் ஏன் கட்டையில மண்டி போடணும்? எல்லாரும் போடட்டும்."

அந்த ரப்பரில் நாற்பது ஜோடி தேறின. மேலே ரப்பர், கீழே பழைய டயர், பக்கத்தில் தோல் வார். நோயாளியைப் பெஞ்சில் உட்காரவைத்து, கட்டுப் போடும்போது செய்வதுபோலவே காலை முக்காலியில் தூக்கி வைத்து, காகிதத்தில் சுற்றி வரைந்து அளவு எடுத்தார் சிஸ்டர். ஜூலை ஏழாம் தேதி நாற்பது பேருக்கும் கொடுத்து முடித்தார்கள். புதுச் செருப்பு போட்டவரிடம் உலகமே கேட்கும் கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

"கடிக்குதா?"

"கடிக்கல சிஸ்டர்."

நாற்பது பேரும் அதையே சொன்னார்கள். அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "முப்பது வருஷமாத் தைக்கிறேன். பத்துப் பேருக்குத் தைச்சா ரெண்டு பேராவது கடிக்குதும்பான். நாப்பதுக்கு நாப்பது, ஒருத்தர் குறை சொல்லலியே" என்று சந்தையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்றுதான் செருப்பு சிஸ்டர் என்ற பெயர் பிறந்தது. அது கேலியா பாராட்டா என்று யாரும் யோசிக்கவில்லை.

ஆறு வாரத்தில் கணக்கு வந்தது. நாற்பதில் இருபத்தேழு பேருக்குப் புதுப் புண். சுண்டுவிரல் ஓரத்தில், வார் அழுத்திய இடத்தில், குதிகால் விளிம்பில். கடிக்கிறதா என்று கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள்? கடித்தால் தெரிகிற கால் இருந்திருந்தால் அவர்கள் அந்த வரிசையிலேயே உட்கார்ந்திருக்க மாட்டார்களே. ஒரு தொழுநோய் மருந்தகத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டது, அதையும் நாற்பது முறை கேட்டது, சிஸ்டருக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. இருபத்தேழு பேரில் இருவரின் கால்களை ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டார்கள். நோட்டில் அந்த இரண்டுக்கும் எதிரே சிஸ்டர் தன் கையால் எழுதினார்: என் செருப்பால்.

இரண்டாவது தவறு அளவில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க அவர் தன் அப்பாவை நினைக்க வேண்டியிருந்தது. அவர் எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் எழுந்து நிற்கச் சொல்லித்தான் நாடா பிடிப்பார். உட்கார்ந்து அளவு கொடுத்தவர் நின்றால் தையல் பிரியும் என்பார். முக்காலியில் தூக்கி வைத்த கால் ஒரு அளவு; முழு உடம்பையும் சுமந்து தரையில் நிற்கும் கால் இன்னொரு அளவு, அரை விரல் அகலம் கூடுதல். தையல்காரர் மகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மருந்தகத்துப் பழக்கம் அதை மறக்கடித்துவிட்டது.

அன்றிலிருந்து எல்லாம் மாறியது. நின்றுகொண்டு அளவு. சதுரக் கட்டம் போட்ட காகிதம். புண் இருக்கும் இடம் சிவப்புப் பென்சிலில். சிவப்பு எத்தனை கட்டத்தை மறைக்கிறது என்று வாரா வாரம் எண்ண வேண்டும். கடிக்கிறதா என்ற கேள்விக்கு மருந்தகத்தில் தடை. அதற்குப் பதிலாக அரை மணி நேரம் நடக்கவிட்டு, செருப்பைக் கழற்றி, புறங்கையால் பாதத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். எங்கே சூடு இருக்கிறதோ அங்கேதான் கடிக்கிறது.

ஆனால் செப்டம்பர் முதல் தேதி டாக்டர் வந்தபோது அவருக்கு இதையெல்லாம் கேட்கப் பொறுமையில்லை. பழக்காரம்மா காலை நீட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தள்ளுவண்டியில் பழம் விற்பவள், கணவன் இல்லை, மூன்று பெண்கள். இருபத்தேழு பேரில் ஒருத்தி. சிவப்பு பத்தொன்பது கட்டம்.

"வண்டியில ஏறும்மா" என்றார் டாக்டர். "இப்ப எடுத்தா முழங்காலாவது மிஞ்சும்."

"கால் இல்லாம வண்டிய யாரு தள்ளுவா? நீங்களா?" என்றாள் அவள், பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டு.

சிஸ்டர் குறுக்கே வந்தார். "பன்னெண்டு வாரம் கொடுங்க டாக்டர். புது அளவுல, புதுச் செருப்பு."

"ஏற்கனவே கொடுத்த செருப்பு போதாதா?"

"போதாது. அது தப்பு. இப்பத்தான் சரியாத் தெரியுது."

டாக்டர் குனிந்து புண்ணை இன்னொரு முறை பார்த்தார். "சரி. பன்னெண்டு வாரம். அதுல இது பாதியாகணும். ஆகலன்னா இந்தம்மா காலையும் எடுப்பேன், இந்தச் செருப்பு ரூமையும் இழுத்துப் பூட்டுவேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

சிஸ்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பழக்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என் காலை வச்சு ரெண்டு பேரும் பந்தயம் கட்டுறீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கல. தப்புதான்" என்றார் சிஸ்டர். "இப்பக் கேக்குறேன்."

"நாப்பது பேர் காலைக் கெடுத்தவங்க கையில இதையும் கொடுக்கணுமாக்கும்?"

"இருபத்தேழு பேர்."

பழக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கணக்கையாவது குறைக்காமச் சொல்றீங்க. சரி, தைச்சுக் கொடுங்க."

செப்டம்பர் 29: பதினாலு கட்டம். டாக்டர் தலையாட்டினார். அக்டோபர் 27: இருபத்துமூன்று கட்டம்.

"இன்னும் நாலு வாரம் இருக்கு. வார்த்தை வார்த்தைதான்" என்றார் டாக்டர். "ஆனா அடுத்த தடவை படுக்கையோட வர்றேன்." இரக்கமில்லாமல் சொன்னதல்ல. சிஸ்டருக்கு அதுதான் அதிகம் வலித்தது.

வண்டி போனதும் அண்ணன் பழக்காரம்மாவின் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பினார். திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். தைக்கும்போது இடது வலது தெரிவதற்காக அடி டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவது அவர் பழக்கம்; செப்டம்பர் 29 அன்று இதன் அடி டயரை மாற்றித் தைத்தபோதும் போட்டிருந்தார். அதன்பிறகு நாலு வாரம் தள்ளுவண்டி தள்ளியவளின் செருப்பில் அந்தக் கோடு அப்படியே இருந்தது.

"தங்கச்சி, இதை நீ போடவே இல்லையே."

"இங்க வாசல்ல வந்ததும் போட்டுட்டுத்தானே உள்ள வர்றேன்."

"மத்த நேரம்?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பேப்பர்ல சுத்தி வண்டிக்கு அடியில வச்சிருக்கேன். முதல்ல ஒரு மாசம் போட்டேன் அண்ணே. அந்தக் கறுப்புச் செருப்பைப் பாத்ததும், ஓ, அந்த ஆஸ்பத்திரிச் செருப்பான்னு எடுத்த பழத்தைக் கீழ வச்சுட்டுப் போறாங்க. ரெண்டு நாள் கூடையோட வீட்டுக்குத் திரும்பினேன்." பிறகு சிஸ்டரைப் பார்த்து நேராகச் சொன்னாள்: "கால் போனா நொண்டிம்பாங்க. ஆனா பழம் வாங்குவாங்க. இதைப் போட்டா வாங்க மாட்டாங்க."

சிஸ்டர் காலுக்கு அளவு எடுத்தார், புண்ணுக்கு அளவு எடுத்தார். அந்தச் செருப்பைப் பார்க்கிற கண்ணுக்கு அளவு எடுக்கவில்லை.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அவர் எதையும் தொடவில்லை. மதர் கவனித்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். முழுவதையும் கேட்டு முடித்துத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"செருப்பு சிஸ்டர்னு சந்தையில கூப்பிடுறாங்களாமே. ஒரு கன்னியாஸ்திரிக்கு அது ஒரு பேரான்னு நான் ரெண்டு மாசமாக் கேக்கணும்னு இருந்தேன்."

"நானா வச்சுக்கிட்டேன் மதர்?"

"கேக்கணும்னு இருந்தேன்னுதான் சொன்னேன். இந்த மடத்துல எத்தனை பேர் இருக்கோம்?"

"ஒன்பது பேர்."

"காகிதத்தக் கொண்டா."

மதர் முதலில் எழுந்து, நாற்காலியைத் தள்ளிவிட்டுக் காகிதத்தின்மேல் காலை வைத்தார்.

"ரெண்டு கால்லயும் சமமா நில்லுங்க மதர்."

"எனக்கு நிக்கத் தெரியும். நீ வரை."

அண்ணனுக்கு மூன்று நாள் கெடு. "இவங்களுக்குக் கடிச்சா வாயத் திறந்து சொல்லிடுவாங்களே, அதுதான் பயமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஒன்பது ஜோடியும் தைத்து முடித்தார். அதே கறுப்பு ரப்பர், அதே டயர், அதே வார்.

அக்டோபர் 31, சனிக்கிழமை, சந்தையில் கூட்டம் நெரியும் நாள். காலை பத்து மணிக்கு ஒன்பது கன்னியர் வரிசையாக உள்ளே நுழைந்தார்கள். மதர் முன்னால். அங்கி விளிம்பை எல்லோரும் இரண்டு விரற்கடை தூக்கித் தைத்திருந்தார்கள். அது மதரின் உத்தரவு. காய்கறி வரிசை, பாத்திர வரிசை, துணி வரிசை என ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு கடையிலும் நின்றார்கள், விலை கேட்டார்கள், காலை முன்னே வைத்து நின்றார்கள். கடைசியாகப் பழவண்டிக்கு வந்தார்கள்.

"என்ன விலை?" என்றார் மதர்.

பழக்காரம்மா விலையைச் சொல்லவில்லை. பதினெட்டுக் கறுப்புச் செருப்பையும் ஒன்றுவிடாமல் பார்த்தாள். பிறகு குனிந்து வண்டிக்கடியிலிருந்து பேப்பர் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, நடுச் சந்தையில், எல்லோரும் பார்க்க, இரண்டு காலிலும் மாட்டிக்கொண்டாள். மாட்டிக்கொண்டு விலையைச் சொன்னாள்.

"கொள்ளையா இருக்கே" என்றார் மதர்.

"சாமிக்குப் பக்கத்துல இருக்கிறவங்க, உங்ககிட்ட ஏமாத்துவேனா மதர்?"

"அந்தப் பேச்செல்லாம் வேண்டாம். குறைச்சுச் சொல்லு."

இருவரும் கால் மணி நேரம் பேரம் பேசினார்கள். கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்திலிருந்த வாத்தியார் மனைவி ஒருத்தி, நின்று நின்று குதிகால் வலி கண்டவள், மதரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெத்துன்னு இருக்கும் போலிருக்கே மதர். எங்க வாங்கினீங்க?"

"அதோ, அந்த அண்ணன்கிட்ட" என்று மதர், சனிக்கிழமைக்கு மட்டும் சந்தை முனையில் சாக்கு விரித்திருந்தவரைக் காட்டினார். "சிஸ்டர் செருப்புன்னு கேளு, கொடுப்பார்."

பெயர் திரும்பியது அந்த நொடியில்தான். செருப்பு சிஸ்டர் என்று சொன்ன அதே வாய்கள் சிஸ்டர் செருப்பு வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தன. நவம்பர் முடிவதற்குள் நோயே இல்லாத பதினாறு பேர் அண்ணனிடம் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். யார் காலில் இருப்பது ஆஸ்பத்திரிச் செருப்பு, யார் காலில் இருப்பது சும்மா செருப்பு என்று அதன்பிறகு சந்தையில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. பழக்காரம்மா காலையிலிருந்து மாலைவரை அதைப் போட்டுக்கொண்டு வண்டி தள்ளினாள். சாக்பீஸ் கோடு இரண்டே நாளில் அழிந்தது.

நவம்பர் 24, செவ்வாய்க்கிழமை டாக்டர் சொன்னபடியே வண்டியில் படுக்கையோடு வந்தார். பழக்காரம்மா காகிதத்தின்மேல் ஏறி நின்றாள். சிஸ்டர் காலைச் சுற்றி வரைந்து, காலைத் தூக்கிப் புண்ணை அளந்து, சிவப்புப் பென்சிலால் நிரப்பிக் காகிதத்தை டாக்டரிடம் நீட்டினார். தான் எண்ணவில்லை. டாக்டர் எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார்.

"ஆறு" என்றார்.

"பாதின்னா ஒன்பதரை டாக்டர்."

"எனக்கும் கணக்குத் தெரியும் சிஸ்டர்."

சட்டைப் பையிலிருந்து கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். "இதை நீங்களே வச்சுக்கோங்க. இனிமே பன்னெண்டு வாரம் செருப்பு போட்டுப் பாக்காம இங்கேருந்து ஒரு காலையும் நான் தொட மாட்டேன்."

படுக்கை காலியாகவே திரும்பியது. முழுக்கக் காலியாக அல்ல. பழக்காரம்மா அதன்மேல் ஒரு கூடை பழம் வைத்தாள். "உங்க வண்டியில நான்தான் ஏறல, இதாவது ஏறட்டும்" என்றாள். டாக்டர் நெகிழ்ந்துபோய் நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள், "சும்மா இல்ல, காசு கொடுத்துட்டுப் போங்க" என்றாள்.

1960 ஜனவரி 12ஆம் தேதி அவள் காகிதத்தில் சிவப்பு இல்லை.

அதன்பிறகு நடந்தவற்றை எண்களே சொல்லும். அவை இறங்கின. ஒவ்வொரு ஜனவரியிலும் சிஸ்டர் ஒரு கார்டு போடுவார்: எத்தனை? பதில் கார்டில் ஓர் எண் மட்டும் வரும், வேறு ஒரு சொல் இருக்காது. சில ஆண்டுகள் எண் ஒன்றிரண்டு ஏறியும் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் யார் யார் கால்கள் என்று பார்த்து, அவர்கள் முதல் புண்ணோடு ஏன் வரவில்லை என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு வருவார். தாமதமாக வந்தவர்கள்தான் அநேகம் பேர். அதனால் செருப்பு அறை ஒரு மூங்கில் தட்டு வண்டியில் ஏறிச் செங்கல் சூளைகளுக்கும் படகுத் துறைகளுக்கும் போக ஆரம்பித்தது.

இந்த இறக்கம் முழுவதும் செருப்பால் வந்ததல்ல. எண்பதுகளில் நல்ல மாத்திரைகள் வந்தன, நோயே குறைந்தது. அதையும் சிஸ்டர் நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். நோய் குறைந்ததும் அறையை மூடிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். மூடவில்லை. சர்க்கரை நோயில் காலுணர்ச்சி போனவர்கள் அதே வாசலில் வந்து நிற்கத் தொடங்கியிருந்தார்கள். பெஞ்சுகள் காலியாகவில்லை. 1993 முடிய வரைந்த காகிதங்கள் பதினோராயிரத்து நானூற்று அறுபத்திரண்டு. எல்லாம் மர அலமாரியில், ஏனென்றால் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் இரும்பு அலமாரி நிற்காது. இங்கே வந்து கற்றுக்கொண்டு போனவர்கள் பதினாலு ஊர்களில் இதேபோல அறை வைத்திருக்கிறார்கள். பதினாலிலும் ஆணி கிடையாது, முக்காலி கிடையாது, கடிக்கிறதா என்ற கேள்வி கிடையாது.

மதர் 1971இல் போனார். அவரை அந்தக் கறுப்புச் செருப்போடுதான் அடக்கம் செய்தார்கள். கோயில் பெஞ்சுகளில் புது ரப்பர் போட இரண்டு முறை பேச்சு வந்தது, கன்னியர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள். அண்ணன் 1977இல் போனார். அவர் இடத்தில் இப்போது உட்கார்ந்து தைப்பது பழக்காரம்மாவின் நடு மகள். பழக்காரம்மா வண்டி தள்ளுவதை விட்டுவிட்டாள், வாயை விடவில்லை. கிடங்கு வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, புதிதாக வருகிறவர்களிடம் தன் பாதத்தைத் தூக்கிக் காட்டுவாள். "பாரு, முப்பத்தஞ்சு வருஷமாகப் போகுது. இன்னும் எனக்குத்தான் சொந்தம்."

கடைசி ஒன்று மட்டும் இறங்க மறுத்தது. 1989இல் ஒன்று. அதற்கடுத்த ஆண்டுகளிலும் ஒன்று. 1992இல் ஒன்று, சூளையில் வேலை பார்த்தவர், கால் கறுத்த பிறகு வந்தார். ஓய்வு பெற்றுப் பத்து வருடமான டாக்டர் இப்போதும் ஜனவரி முதல் வாரத்தில் தடியை ஊன்றிக்கொண்டு ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குப் போய் ஏட்டைப் பார்த்துத் தானே கார்டு எழுதுவார். பத்தாம் தேதிக்குள் வந்துவிடும்.

1994இல் பத்தாம் தேதி வரவில்லை. பதினைந்தும் ஆனது. சிஸ்டருக்கு வயது அறுபத்தொன்று. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கையில் இருக்கும் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். கேட்பதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்.

"ஒண்ணுன்னா கார்டுல எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு கோடு" என்றாள் பழக்காரம்மா. "பூஜ்யம்னா சுத்தி வரணும், அதான் லேட்டு."

"வாய மூடு" என்றார் சிஸ்டர். அவர் யாரிடமும் அப்படிப் பேசுவதில்லை.

வந்தது கார்டு இல்லை, உறை. சிஸ்டர் நின்றுகொண்டே பிரித்தார். முப்பத்துநாலு வருடத்தில் முதல் முறையாக டாக்டர் எண்ணுக்குப் பதில் வாக்கியங்கள் எழுதியிருந்தார்.

'சிஸ்டர், தாமதத்துக்கு மன்னிக்கவும். ஏட்டை மூன்று முறை பார்த்தேன், நம்பிக்கை வரவில்லை. அறுவை அறைப் பதிவையும் வாங்கி ஆரம்பத்திலிருந்து பார்த்தேன். உங்கள் மருந்தகத்திலிருந்து வந்து சென்ற ஆண்டு எடுத்த கால் எதுவும் இல்லை. இருபத்தாறு வயதில் நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். இத்துடன் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். எனக்குச் சர்க்கரை. நின்றுகொண்டுதான் வரைந்தேன், சந்தேகப்பட வேண்டாம்.'

பழக்காரம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சிஸ்டரின் முகத்தைப் பார்த்தாள், கேட்கவில்லை. தன் இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி எழுந்து நின்றுகொண்டாள்.

சிஸ்டர் இரண்டு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு பாதம். சிவப்பு எங்கும் இல்லை. தையல் அறைக்குப் போய் நடு மகளிடம் கொடுத்தார்.

"இதுக்கு இன்னைக்கே ரப்பர் வெட்டு. இடது கால் கொஞ்சம் அகலம், கவனமாப் பாரு."

பிறகு மர அலமாரியைத் திறந்து, பழைய நோட்டை எடுத்து, காலியாக இருந்த வரியில் ஓர் எண்ணை எழுதினார். அதற்குக் கீழே, வழக்கம்போல, கடிதம் வந்து சேர்ந்த தேதியையும் எழுதினார்: 1994 ஜனவரி 19, புதன்கிழமை.